மேல்வீட்டு ஐயாவின் கோட்டில் ஒரு பதக்கம்

அன்புக்கும் ஆசிக்கும் உரிய என் தம்பிக்கு, உன் அக்கா எழுதுவது.

கடவுள் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் மைப் பேனாவைத் திறந்தேன். ஆனால் சாமி கும்பிட்டு எழுந்த கையோடு பொய்யில் ஆரம்பிக்க மனம் வரவில்லை. உடம்பு சுகம்தான். நெஞ்சுதான் இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போதே தலைக்கு மேல் கொத்தனார் தொம் தொம் என்று மேல்வீட்டுத் தரையை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் சுண்ணாம்புத் தூள் இந்தக் காகிதத்தில் விழுகிறது. ஊதிவிட்டு ஊதிவிட்டு எழுதுகிறேன். இத்தனைக்கும் காரணம், போன தடவை வந்தபோது நீ பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கேமராதான். அதைத் திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் என்று கேட்காமலே எடுத்துக்கொள்வாய் என்றால் இதோடு படிப்பதை நிறுத்திவிடலாம். கேட்பாய். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

'அக்கா, இது பேர் தெரியாத கம்பெனி கேமரா. அதனாலதான் ஒருத்தரும் சீந்த மாட்டேங்கிறாங்க. ஆனா கண்ணாடி இருக்கே, அது தங்கம்' என்று சொன்னாய். நான் நம்பவில்லை. தூக்கினால் இஸ்திரிப் பெட்டி கனம். முன்னால் பொறித்த பேரில் பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. ஃபிலிம் வாங்கப் போன இடத்தில் தெருமுனை ஸ்டுடியோக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'யம்மா, பெரிய பேர் கேமராவா இருந்தா நானே வாங்கிக்குவேன். இத வச்சு என்ன பண்றது? கதவு அடிச்சுக்காம முட்டுக்கொடுக்கலாம்' என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. உன்னைச் சொன்ன மாதிரி அல்லவா இருந்தது! 'நீங்க ஃபிலிம மட்டும் குடுங்க' என்று இரண்டு சுருளை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். அன்றைக்கே முடிவுசெய்தேன், இதைக் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்று. எழுத்துக்கூட்டிப் பிரார்த்தனைப் புத்தகம் படிக்கக் கற்றவள், பேரேடு எழுதக் கற்றவள், ஒரு டப்பாவைத் திருகக் கற்றுக்கொள்ள மாட்டேனா?

கற்றுக்கொண்டேன், தம்பி. ஆனால் ஒவ்வொரு பாடமும் ஓர் அதிர்ச்சி. வேகத்தைக் குறிக்கும் திருகு எனக்குப் பிடித்துப்போனது. ஐந்நூறு, அதில் பாதி, அதில் பாதி என்று வீட்டுச் செலவைக் குறைக்கிற மாதிரி ஒழுங்காக இறங்குகிறது. வெளிச்சம் காட்டும் முள்ளும் நல்ல பிள்ளை. தராசு முள் மாதிரி நடுவில் வந்து நின்றால் வெளிச்சம் சரி, மேலே போனால் அதிகம், கீழே போனால் குறைவு. அந்த முள்ளுக்கு மட்டும்தான் பொத்தான் பேட்டரி, மற்றதெல்லாம் வெறும் விசையில் ஓடுகிறது, கரண்டும் இல்லை, சார்ஜும் இல்லை. இதுவரைக்கும் சரி. ஆனால் லென்ஸில் துளையின் அளவு என்று ஒரு வளையம் இருக்கிறதே, அதில் எண் பெரிதானால் துளை சிறிதாகிறது! இரண்டு என்றால் வாசல் கதவு, பதினாறு என்றால் ஊசிக்கண். இது என்ன கணக்கு? இந்தக் கணக்கை நான் பேரேட்டில் எழுதினால் உன் அத்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போவார். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் உன் அத்தானை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். வைத்தவள் அலறிவிட்டேன். அவருடைய மூக்கு இரண்டாகப் பிளந்து, மேல் பாதி இந்தப் பக்கமும் கீழ் பாதி அந்தப் பக்கமும் நிற்கிறது! லிப்ட் மெக்கானிக் வேலை பார்க்கிறவருக்கு எந்த நேரம் என்ன ஆகுமோ என்று தினமும் சாமியிடம் முறையிடுகிறவள் நான். கேமராவை மெத்தையில் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் மூக்கைத் தடவிப் பார்த்தேன். 'என்ன, திருஷ்டி சுத்திப் போடுறியா?' என்கிறார் அவர். பிறகு உனக்கு போன் போட்டபோதுதான் விளங்கியது. நடுவில் இருக்கும் வட்டத்தில் உருவம் பிளந்து தெரியும், லென்ஸைத் திருகித் திருகி இரண்டு பாதியும் ஒட்டினால் படம் துல்லியமாக வரும் என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் எனக்கு மூக்கைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. பால்காரர் கூட, 'என் மூக்குல ஏதாச்சும் ஒட்டியிருக்காம்மா?' என்று கேட்டுவிட்டார். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த இரண்டு பாதி மெல்ல நகர்ந்து வந்து ஒட்டும்போது மனசுக்குள் ஒரு நிம்மதி வருகிறது பார், பேரேட்டில் வரவும் செலவும் சரியாக வந்து உட்காருகிற நிம்மதி அது.

இன்னொன்றும் நீ அடித்துச் சொன்னாய், மறந்திருக்க மாட்டாய். 'அக்கா, கட்டைவிரலால இந்தக் கம்பிய இழுத்து ஃபிலிம நகத்தினாத்தான் அடுத்த தடவை அமுக்க முடியும். இல்லன்னா பூட்டிக்கும். ஒரு படத்து மேல இன்னொரு படம் இதுல விழவே விழாது.' விழவே விழாது! உன் வாயால் சொன்னது. ஃபிலிம் முடிந்ததும் அடியில் இருக்கும் பொத்தானை அமுக்கி, கைப்பிடியைச் சுற்றினால் எல்லாம் திரும்ப டப்பிக்குள் போகும், பிடி விட்டதும் இன்னும் நாலு சுற்று சுற்றி, நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நுனியையும் உள்ளே தள்ளிவிடு என்றும் சொன்னாய். அதையும் நினைவில் வை. பின்னால் அந்த நாக்குதான் எங்களை விழுங்கப் பார்த்தது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் படுக்கையறைச் சுவரில் கொஞ்ச காலமாக ஈரம். கூரையை ஒட்டி ஆரம்பித்துத் தரைவரைக்கும் யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி இறங்குகிறது. மேலேதான் வீட்டுக்காரம்மா இருக்கிறார்கள். அவர்கள் பால்கனியில் பூந்தொட்டி ஒரு பட்டாளம், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மேலே தண்ணீர், கீழே ஈரம், இதற்கு என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது? மரியாதையாகப் படியேறிப்போய்ச் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

'என் தொட்டி மேல பழி போடுறியா? நீங்க நாள் பூரா துணி துவைக்கிறீங்க, சமைக்கிற ஆவி வெளிய போறதில்ல, ஊதுபத்திப் புகை சுவத்துல ஏறுது, சொல்லச் சொல்ல ஆணி அடிக்கிறீங்க, ரெண்டு பேரும் உக்காந்து சத்தமா சிரிக்கிறீங்க!'

'சிரிச்சா சுவர் நனையுமாம்மா?'

'மூச்சுல ஈரம் இல்லையா? நல்ல கதையா இருக்கே! மேல இருந்துதான் வருதுன்னா ஆதாரம் காட்டு. இல்லாட்டி இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிட்டு, சுவத்துக்கு வெள்ளையும் அடிச்சுக் குடுத்துட்டுப் போ.'

தம்பி, நீயே சொல். இந்த வாடகைக்கு வேறே எங்கே போவது? உன் அத்தான் முழங்காலுக்கு வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இது ஒன்றுதான். அவரிடம் சொன்னால், மனுஷர் லிப்ட் நின்றுபோனால்கூடப் பதறாதவர், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆதாரம் கேட்டார்கள் அல்லவா, கொடுத்துவிடுவோம் என்று அவருடைய போனிலேயே சுவரைப் படம் எடுத்தோம். எடுத்துப் பார்த்தால் எனக்கு மறுபடியும் அதிர்ச்சி! அந்த போன் சுவருக்கும் பவுடர் பூசிவிடுகிறது. ஈரம் இருக்கும் இடமெல்லாம் மழமழவென்று, நேற்று வெள்ளையடித்த மாதிரி. இதைக் காட்டினால் வீட்டுக்காரம்மா வாடகையை ஏற்றிவிடுவார்கள். அப்போதுதான் அலமாரியில் உன் கேமரா கண்ணில் பட்டது. உள்ளதை உள்ளபடி எடுக்கும் என்று நீதானே சொன்னாய்.

எடுப்பதும் லேசாக இல்லை. ஈரச் சுவரில் வட்டத்தை வைத்தால் பிளவும் தெரியவில்லை, ஒட்டுவதும் தெரியவில்லை. ஒரு கோடாவது வேண்டுமே. நல்லவேளையாகச் சாமி படம் மாட்டிய ஆணி இருந்தது. சாமி நம் தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், உன் அத்தான் ஏணி போட்டுக் கூரையை ஒட்டி அடித்த ஆணி. வேலை செய்கிற இடத்தில் மிச்சமானது. 'இதுல ஒரு லிப்டையே தொங்க விடலாம்' என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டார். ஈரம் வந்ததும் சாமி நனையக் கூடாதே என்று படத்தை இறக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். ஆணி மட்டும் அங்கே நிற்கிறது. முக்காலி மேல் ஏறி அந்த ஆணியில் வட்டத்தை வைத்து, இரண்டு பாதியும் இம்மி பிசகாமல் ஒட்டும்வரைக்கும் திருகி, மூச்சைப் பிடித்து அமுக்கினேன். கிட்டே போய், தள்ளிப்போய், காலை வெளிச்சத்தில், மாலை வெளிச்சத்தில், துளையைச் சின்னதாக்கி, பெரிதாக்கி. ஒன்றையும் வீணாக்கவில்லை. முப்பத்தாறும் சுவர்தான். உலகத்தில் எந்தச் சுவருக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது. ஒருதரம் தானாக எடுக்கும் விசையை முடுக்கிவிட்டு, ஈரத்தின் உயரம் தெரியட்டும் என்று நானும் சுவரோரம் போய் நின்றேன். அது 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியதைக் கேட்டு உன் அத்தான் அடுப்படிக்கு ஓடி கேஸை மூடிவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார்.

சுருள் முடிந்ததும் நீ சொன்னபடி சுற்றினேன். பிடி விட்டது தெரிந்தது. அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. என் கை பழக்கம் உனக்குத் தெரியும். தையல் நூல்கண்டாக இருந்தாலும் நுனியை வெளியே விட்டுத்தான் வைப்பேன். ஒட்டுகிற டேப்பாக இருந்தாலும் நுனியை மடித்துவிட்டுத்தான் வைப்பேன். நுனி உள்ளே போய்விட்டால் பிறகு நகத்தால் சுரண்டுவது யார்? அதே மாதிரி ஃபிலிமின் நாக்கையும் ஒழுங்காக வெளியே நீட்டிவிட்டு, புதுச் சுருளின் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இப்போது புரிகிறதா? எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் பார்த்தால் வாசலில் வீட்டுக்காரம்மா! சண்டை போட்ட வாயா அது என்று தோன்றும்படி ஒரே சிரிப்பு.

'ஏம்மா, உன்கிட்ட பழைய கேமரா இருக்காமே? எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆகுது. பிள்ளைங்க ஆல்பத்துல ஒட்ட படம் கேக்குறாங்க. போன்ல எடுத்தா யாரு பாக்குறா? நீ வந்து எடுத்துக் குடேன்.'

'காலி பண்ணச் சொன்னீங்களேம்மா?'

'அது வேற, இது வேற. காலி பண்றதுக்கு முன்னாடி எடுத்துக் குடுத்துட்டுப் போயேன்.'

இது என்ன நியாயமோ. ஆனால் கல்யாண நாள் என்று கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொன்னால் சாமி என்ன நினைக்கும்? புதுச் சுருள் என்று நினைத்து ஒன்றை மாட்டிக்கொண்டு மேலே போனேன். மேல்வீட்டு ஐயாவை உனக்குத் தெரியுமே, பேப்பருக்குப் பின்னாலேயே குடியிருப்பவர். அவரைக் கறுப்புக் கோட்டுக்குள் திணித்து உட்காரவைத்திருந்தார்கள். நான் மூக்கில் வட்டத்தை வைத்துத் திருகுவதற்குள், 'ஆடாம இருங்க' என்று வீட்டுக்காரம்மா இடிக்க, அவர், 'நாப்பது வருஷமா ஆடாமத்தானே இருக்கேன்' என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவைப் பால்கனியில் பூவாளியோடு நிற்கவைத்து எடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் உள்நோக்கம் இருந்தது, மறைக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா? 'நல்லா சாய்ச்சு ஊத்துங்கம்மா, அழகா இருக்கு' என்றேன். தாராளமாக ஊற்றினார்கள்.

இரண்டு சுருளையும் ஒரே நடையில் ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போன அன்று ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. 'யம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?' என்றார். யாராவது தவறிப்போனால்தான் இப்படிக் கேட்பார்கள். 'ஒரு சுருள் வெத்து. ஒண்ணுமே எடுக்கல. இன்னொண்ணு ரெண்டு தடவை ஓடியிருக்கு. படத்து மேல படம்' என்று கவரை நீட்டினார். விழவே விழாது என்றாயே, தம்பி! ஒரே ஓட்டத்தில்தான் விழாதாம், ஓடி முடிந்த சுருளை மறுபடி போட்டால் அதற்கு எந்தப் பூட்டும் இல்லையாம். படத்தைப் பிரித்துப் பார்த்தவள் 'ஐயோ கடவுளே' என்று அங்கேயே எழுந்து நின்றுவிட்டேன். சோபாவில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் நெற்றியிலிருந்து தாடைவரைக்கும் எங்கள் சுவரின் விரிசல். ஐயாவின் கறுப்புக் கோட்டு முழுவதும் பூஞ்சை படர்ந்து, நெஞ்சில் மட்டும் பதக்கம் மாதிரி பளிச்சென்று ஏதோ ஒன்று. ஒரு படத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் புகை மாதிரி நான் நிற்கிறேன்! அவர்கள் கல்யாண நாள் படத்தில் நான் ஆவியாக! இதையெல்லாம் விடு. பூவாளிப் படத்தைப் பார்த்ததும்தான் எனக்கு ரத்தமே உறைந்துவிட்டது. பால்கனியில் வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே வாளியைச் சாய்க்கிறார்கள். தண்ணீர் வாளியின் மூக்கிலிருந்து கிளம்பி, தரையைத் தாண்டி, நேராக எங்கள் படுக்கையறைச் சுவரில் இறங்கி, தரைவரைக்கும் வழிகிறது. ஒரே படத்தில் மாடியும் கீழ்வீடும். வீட்டைக் குறுக்கே அறுத்து வைத்த மாதிரி.

ஸ்டுடியோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, 'ஆனா ஒண்ணு சொல்லணும்மா. என்னா கூர்மை! சுவத்துல ஒவ்வொரு மணலும் எண்ணலாம் போல இருக்கு. அந்தக் கேமராவைக் குடுக்குறதுன்னா என்கிட்ட சொல்லுங்க' என்கிறார். முட்டுக்கொடுக்கச் சொன்ன அதே மனுஷர்.

நான் படங்களை ஒளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசலிலேயே வீட்டுக்காரம்மா நின்றிருந்தார்கள், கவரைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோட்டுப் படத்தைப் பார்த்து, 'இவருக்கு யாரு பதக்கம் குடுத்தா?' என்றார்கள். அடுத்தது பூவாளிப் படம். அவ்வளவுதான், முகம் வெளுத்துவிட்டது. படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

'இது... இந்தக் கேமரா தரையைத் துளைச்சுப் பாக்குதா?'

'இல்லம்மா, சாமி சத்தியமா இல்ல. இது ரெண்டு படம். ஒரே ஃபிலிம தெரியாம ரெண்டு தடவை போட்டுட்டேன். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடுச்சு.'

'வேணாம்மா, நீ மறைக்காதே. என்னை அவமானப்படுத்தக் கூடாதுன்னு சொல்ற. சாமி கும்பிடுற மனசு, அப்படித்தான் சொல்லும். என் தண்ணிதான், என் கண்ணாலயே பாத்துட்டேனே!'

நான் சுருளைக் காட்டினேன், நாக்கைக் காட்டினேன், நூல்கண்டைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். நான் சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. அன்று மாலையே தொட்டிகளையெல்லாம் தெருவில் இறக்கிவிட்டார்கள். இன்று காலை கொத்தனார் வந்துவிட்டார், பால்கனித் தரையையும் அதை ஒட்டிய குளியலறைத் தரையையும் உடைக்கிறார். 'நீங்க எங்கயும் போக வேணாம். நான்தான் கண்ணு அவிஞ்சு பேசிட்டேன்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு தப்பியது. உன் அத்தான் காலையிலிருந்து பாட்டு முணுமுணுக்கிறார்.

எனக்குத்தான் பயம், தம்பி. நான் சொன்னது உண்மை, யாரும் நம்பவில்லை. கேமரா காட்டியது பொய், எல்லாரும் நம்பிவிட்டார்கள். தண்ணீர் மேலிருந்து வருவது என்னவோ நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இல்லாத ஒரு படத்தை வைத்து ஜெயித்தோமே என்று நெஞ்சு அறுக்கிறது. வரவும் செலவும் சரியாக வந்தும் நடுவில் ஒரு கள்ளக்கணக்கு இருக்கிற மாதிரி. கண்ணை மூடிச் சாமியை நினைத்தால்கூட அந்தப் பூவாளிதான் வருகிறது. ஆகவே இந்தப் பொருள் இனி இந்த வீட்டில் இருக்க வேண்டாம். பழைய போர்வையில் சுற்றி, மேலே கயிறு கட்டி, கதவோரம் வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறேன். கண்ணாடி தங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு கூர்மையான பார்வை ஏழை எளியவர்கள் வீட்டுக்கு ஆகாது.

உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வராமல் அந்த ஆண்டவன் நிழலாக நிற்கட்டும். குழந்தையை நெற்றியில் முத்தமிட்டதாகச் சொல். உன் அத்தான் விசாரித்தார்.

உன் நன்மையையே நினைக்கும்
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மேலே சத்தம் நின்றது. கொத்தனார் தண்ணீர் கேட்டு இறங்கி வந்தார். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே, 'யம்மா, மேல சருகு மாதிரி காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு ஈரம் இல்ல. தண்ணி மேல இருந்து வரல' என்றார். பிரார்த்தனைப் புத்தகம் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐயாவின் கோட்டுப் படத்தில் கை நின்றுவிட்டது. அது பதக்கம் இல்லை, தம்பி. எங்கள் வீட்டு ஆணி. கோட்டு கறுப்பாக இருந்ததால் அந்த இடத்தில் சுவர் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆணியின் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், முத்து மாதிரி, இப்போதோ பிறகோ என்று தொங்குகிறது. அங்கிருந்துதான் ஈரமே ஆரம்பிக்கிறது.

'ஏங்க, அந்த ஆணி எவ்வளவு நீளம்?' என்றேன். உன் அத்தான் விரலைக் காட்டவில்லை, கையை விரித்து ஒரு சாண் காட்டினார்.

'உள்ள குழாய் போகுதான்னு பாக்காமயா அடிச்சீங்க?'

'சுவத்துக்குள்ள நான் எப்படி பாக்குறது? அதுக்குத்தான் உன் தம்பி கேமரா இருக்கே!' பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'படம் கலங்கலா வந்துடுச்சுன்னு கிழிச்சுப் போட்டுடு' என்கிறார். கலங்கலாக வர நான் விட்டேனா? வட்டம் ஒட்டும்வரைக்கும் திருகினேனே! முப்பத்தாறு படத்திலும் எல்லாவற்றையும்விடத் துல்லியமாக இருப்பது அந்த ஆணிதான்.

வீடு போனாலும் போகட்டும் என்று சாமியை நினைத்துக்கொண்டு படத்தோடு மேலே போனேன். உடைந்த தரைக்கு நடுவில் நாற்காலி போட்டு வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்கள். அடி விழும் என்று நினைத்தேன். முகம் பூரித்துவிட்டது! 'ஆணி அடிக்காதேன்னு நான் அப்பவே சொன்னேன்ல? ஏங்க, கேட்டீங்களா? நான் சொன்னது சரி! நாப்பது வருஷத்துல மொத தடவை ஒருத்தி படியேறி வந்து நான் சொன்னது சரின்னு சொல்லியிருக்கா!' ஐயா பேப்பரை இறக்கி, 'சரிதான்' என்றார். தரை போனதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நாங்கள் காலி செய்யக் கூடாதாம். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் நான்தான் சாட்சி சொல்ல வேண்டுமாம். கோட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப் போகிறார்கள். ஆணி இல்லாமல் எப்படி என்றுதான் யோசிக்கிறார்கள். குளியலறை சரியாகும்வரைக்கும் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் குளிப்பார்கள்.

ஆகவே கேமராவைத் திருப்பி அனுப்பவில்லை. கட்டைப் பிரித்துவிட்டேன். பாவம், அது ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபிலிம் சுருள் கிடைத்தால் அனுப்பு. நாக்கை உள்ளே தள்ளிவிடுகிறேன்.

ஏணியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. உன் அத்தான் கையில் குறடோடு அந்த ஆணியிடம் போகிறார். அந்த ஆணிதான் இப்போது குழாய்க்கு அடைப்பே, பிடுங்காதீங்க பிடுங்காதீங்க என்று நான் கத்துவது அவர் காதில் விழவில்லை. தம்பி, இதற்குக் கீழே மை கரைந்து பரவியிருந்தால் அக்கா அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளா